மூளிக்காதும் ரிசீவர் பெட்டியும்

"என்னம்மா, மந்திரம் சொல்றியா?" என்று கண்டக்டர் கேட்டார்.

மேலூர் தாண்டிக் கொட்டாம்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். மடியில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த பை. வெளியே நல்ல வெயில். என் வாய் மட்டும் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"சத்தத்துக்குத் தனிக் குமிழ், படத்துக்குத் தனிக் குமிழ். பின்னால வயர் சொருக ரெண்டு துவாரம். முன்னால செவப்பு லைட்டு எரியணும். மெட்ராஸ் சரக்கா இருக்கணும்."

"மந்திரம் இல்லண்ணே, ரிசீவர்" என்றேன்.

"அப்படின்னா?"

"ஆகாயத்துல இருந்து நேரா டி.வி.க்குப் படம் வரும்ல, அதைப் பிடிச்சுக் குடுக்குற பெட்டி."

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீதிச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு, அதன்பிறகு கொட்டாம்பட்டி வரும்வரை என் பக்கமே வரவில்லை. பெண்பிள்ளைக்குப் பித்து என்று நினைத்திருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எண்பதுகளின் நடுவில் எங்கள் வீட்டில் பித்துப் பிடித்து அலைந்தது உண்மைதான். பிடித்தது எனக்கல்ல, எங்கள் வீட்டுக்காரருக்கு.

போன வாரம் இந்தப் பத்திரிகையில் அவருடைய சைக்கிள் கதையை எழுதியதற்கே முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருக்கிறார். இந்த வாரத்தைப் படித்துவிட்டு என்ன செய்வாரோ தெரியாது. செய்யட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

கோழிக்கூண்டா, தண்ணித்தொட்டியா?

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இவருக்குச் சவுண்ட் சர்வீஸ். மைக் செட், குழாய் ஸ்பீக்கர், சீரியல் லைட்டு, எல்லாம் வாடகைக்கு விடுவார். வயர் என்றால் அவருக்கு உசிர். நான் தாலிக்கயிறு மாற்றினால்கூடக் கவனிக்க மாட்டார், ஸ்பீக்கர் வயர் ஒரு முழம் குறைந்தால் கண்டுபிடித்துவிடுவார்.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவுக்கு டி.வி. என்றால் சிலோன்தான். மொட்டைமாடியில் தென்னைமர உயரத்துக்குக் கம்பியை நட்டு, அதன் உச்சியில் ஆண்டெனாவைக் கட்டி, ஒருவர் மேலே நின்று திருப்ப வேண்டும். "வந்துருச்சா?" என்பார் மேலே இருக்கிறவர். "வந்துச்சு! வந்துச்சு! ஐயோ, போயிருச்சு! அம்புட்டுத் திருப்பாதீங்கண்ணே!" என்று கீழே கத்துவோம். கடைசியில் சிங்களத்தில் ஒருவர் செய்தி வாசிப்பார். ஒரு எழுத்துப் புரியாது. ஆனாலும் தெருவே வாயைப் பிளந்துகொண்டு கேட்கும்.

ஒரு கல்யாண வேலைக்கு மெட்ராஸ் போன இடத்தில் ஏதோ ஒரு லாட்ஜ் மாடியில் பெரிய தட்டு ஒன்றைப் பார்த்திருக்கிறார். வானத்தில் நிற்கும் செயற்கைக்கோளிலிருந்து நேராகப் படத்தை வாங்குமாம். டில்லி, அயல்நாடு எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியுமாம். அன்றைக்குப் பிடித்தது. ஊர் திரும்பியதும் வெல்டிங் பட்டறையே கதி என்று கிடந்தார். இரும்புக் கம்பிகளை வளைத்து, அதன்மேல் கோழிவலையை இழுத்துக் கட்டி, வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஒரு தட்டைச் செய்து முடித்தார். அது மாடிப்படியில் ஏறவில்லை. தெருவாசிகள் கூடிக் கயிறு கட்டி வெளிப்புறமாகத் தூக்கினார்கள்.

"என்னம்மா, கோழி வளக்கப் போறீகளா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "மழைத்தண்ணி பிடிக்கவா?" என்றாள் பால்காரி. நான் அதன்மேல் பழைய வேட்டியை விரித்து மோர்மிளகாய் காயப்போட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அதற்கு அதைவிடத் தோதான சாமான் இதுவரை எனக்கு வாய்க்கவில்லை.

தட்டு வந்தாயிற்று. தட்டின் நடுவில் மூக்கு மாதிரி நிற்கும் முனையையும் மெட்ராஸிலிருந்து வரவழைத்தாயிற்று. ஆனால் தட்டு பிடித்துத் தருவதைப் படமாக்க ரிசீவர் வேண்டும். கக்கத்தில் அடங்குகிற பெட்டிதான். விலையோ யானை விலை. தட்டு, தூண், பெயிண்ட் எல்லாம் அதற்கு முன்னால் தூசு. இவர் ராத்திரி பகலாகப் பெருமூச்சு விட ஆரம்பித்தார்.

மைக்கை நிறுத்த மறந்த நாள்

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் கொட்டாம்பட்டி பஸ்ஸில் ஏறினேன் என்பது விளங்காது.

எனக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒருத்தன். தம்பி வெள்ளைக்கண்ணு. கொட்டாம்பட்டியில் கடலை விவசாயம். மானம், ரோஷம் இரண்டும் கொஞ்சம் கூடுதல். என் மகள் மீனாவுக்கு அழகர்கோவிலில் மொட்டை போட்டபோது அவன் மடியில்தான் உட்கார வைத்தோம். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது.

அடுத்த வருஷம் புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினோம். எங்கள் பக்கம் விசேஷம் என்றால் சீர் வருவதை மைக்கில் சொல்லுவார்கள். யார், எந்த ஊர், என்ன கொண்டு வந்தார் என்பதெல்லாம் தெருக்கோடி வரைக்கும் கேட்க வேண்டும். மைக் செட்டுக்காரர் வீட்டு விசேஷம் வேறு, கேட்கவா வேண்டும்! தெப்பக்குளத்து முக்கு வரைக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்.

அந்த வருஷம் கொட்டாம்பட்டிப் பக்கம் மழையே இல்லை. கடலை காய்ந்துவிட்டது. தம்பி பஸ்ஸில் ஒரு பித்தளை அண்டாவையும் சேலை வேட்டியையும் கொண்டு வந்தான். அதை மைக்கில் அழகாகத்தான் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் இவர் மைக் பக்கத்தில் குனிந்து, தன் அக்காவிடம், "அம்புட்டுத்தானா?" என்றார்.

மைக்கை நிறுத்தவில்லை.

அந்த "அம்புட்டுத்தானா" தெப்பக்குளத்தைச் சுற்றிவிட்டு வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தம்பி, கழற்றியதைத் திரும்ப மாட்டினான். ஒரு வாய்க் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டான். நான் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் வயரைப் பத்தித்தான் கேட்டேன்" என்று இவர் இன்றைக்கும் சாதிக்கிறார். வயரைப் பற்றி எவனாவது அந்தக் குரலில் கேட்பானா?

ரிசீவர் வாழ்க

அதோடு போக்குவரத்து நின்றது. மகளுக்குக் காது குத்த வேண்டிய வயசு வந்தது. காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வேறு எவன் மடியும் செல்லாது. இவர் போய் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் தம்பி வந்திருப்பான். இவர் போகவில்லை. கூப்பிடாமல் அவன் வரவில்லை. இரண்டு ஆம்பிளைகளின் வீறாப்புக்கு நடுவில் என் பிள்ளை மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போனாள். "ஒனக்கு மாமா இல்லையாடி?" என்று வகுப்பில் கேட்கிறார்களாம். வந்து என்னிடம் கேட்டாள், "அம்மா, எனக்கு மாமா இருக்காரா, இல்லையா?"

நான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அப்படி இருக்கையில் ஒருநாள் சாப்பிடும்போது இவர் தொண்டையைச் செருமினார். "காதுகுத்துன்னா மாமன் சீர் கொண்டாருவாருல்ல?"

"ஆமா."

"பண்டம் பாத்திரமெல்லாம் எதுக்கு? வீடு பூரா பாத்திரமாத்தான் கெடக்கு. அதுக்குப் பதிலா ஒரு ரிசீவரு..."

அடப்பாவி மனுஷா என்று வாய்வரை வந்தது. முழுங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியது என் தம்பி என் வாசலில் கால் வைப்பது. அதற்கு ரிசீவர்தான் சாக்கு என்றால், ரிசீவர் வாழ்க!

"நீங்களே போய்க் கேளுங்க" என்றேன்.

"மொதல்ல நீ போயி அவரு மொகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா. பொறகு நானே வெத்தலத் தட்டு வச்சுக் கூப்பிடப் போறேன்."

பிறகு பாடம் ஆரம்பித்தது. எந்த ரிசீவரும் வாங்கிவிடக் கூடாதாம், இன்ன மாதிரிதான் இருக்க வேண்டுமாம். சத்தத்துக்குக் குமிழ், படத்துக்குக் குமிழ், துவாரம், லைட்டு. ஒன்றை விட்டால் முதலிலிருந்து சொல்லச் சொல்வார். வாய்ப்பாடுகூட நான் அப்படிப் படித்ததில்லை.

கொட்டாம்பட்டியில்

தம்பி கடலைக்காட்டில் நின்றான். என்னைக் கண்டதும், "வாக்கா" என்றான். கிணற்றடியில் கைகாலைக் கழுவிவிட்டு வந்து வரப்பில் உட்கார்ந்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"மச்சான் சொன்னாரா, நீயா வந்து சொல்றியா?"

"சத்தியமா அவருதான்டா சொன்னாரு."

"எங்கிட்டக் கேக்கச் சொல்லி, அவரு வாயால சொன்னாரா?"

"அவரு வாயாலதான்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். வேர்வையைத் துடைக்கிறானா வேறு எதையும் துடைக்கிறானா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை. பிறகு நான் பாடத்தை ஒரு தப்பில்லாமல் ஒப்பித்தேன். அவனும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான்.

"சரி, அது ஒண்ணு. வேற என்ன வேணும்?"

"வேற ஒண்ணும் வேணாம்டா. தட்டெல்லாம் அவரே செஞ்சுட்டாரு. பெட்டி மட்டும் போதும்."

"பெட்டின்னா, பீரோ மாதிரியா?"

கையை விரித்து அளவைக் காட்டினேன். தம்பி முகம் சுருங்கிப் போயிற்று.

"அம்புட்டுத்தானா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே வார்த்தை! "டேய், அதுலதான்டா எல்லாமே இருக்கு. அதுதான் வெலையும் கூட" என்றேன். அவன் காதில் ஏறினால்தானே.

"பெருசு பூராம் அவரே செஞ்சுக்கிட்டாராம். சின்னது மட்டும் எனக்காம். இவன் தாட்டியம் இம்புட்டுத்தான்னு நெனச்சுட்டாருல்ல?"

"ஐயோ, அப்படி இல்லடா!"

"நீ போக்கா. சீர் வரும். வர்றதை ஊரு பாக்கும்."

அந்த வார்த்தையிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். சந்தோஷத்தில் மூளை வேலை செய்யவில்லை.

சொன்னபடி இவரும் வெற்றிலைத் தட்டு வைத்துக் கூப்பிடப் போனார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பற்றியே பேசினார்கள். கிளம்பும்போது இவர் மெதுவாக, "அந்தக் குமிழு மட்டும் ரெண்டு..." என்று இழுத்தார். "அக்கா வெவரமாச் சொல்லிருச்சு மச்சான்" என்றான் தம்பி. இவர் வழிநெடுக எனக்குச் சபாஷ் போட்டுக்கொண்டே வந்தார்.

ஊர் பார்த்த சீர்

சித்திரை மாசத்து வெயில். வீட்டு முன்னால் பந்தல். சாயங்காலம் ஆகாயத்திலிருந்து நேரடியாகப் படம் காட்டப் போவதாக இவர் தெருவெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். பந்தலிலேயே டி.வி.யைக் கொண்டுவந்து வைத்து, ரிசீவருக்கென்று பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் பூப்போட்ட துணியும் விரித்திருந்தார்.

முக்கில் மேளச்சத்தம் கேட்டது. வெடி போட்டார்கள். நான் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு ஓடினேன்.

முதலில் கொட்டுமேளம். அடுத்து மாலை போட்ட இரண்டு கிடா. அதற்குப் பின்னால் பழத்தட்டு ஏந்திய பெண்கள். கடைசியாக டிராக்டர். அதன் டிரெய்லரில் நிமிர்த்திக் கட்டி, நடுவில் சந்தனம் குங்குமம் வைத்து, ரோஜா மாலை சாத்தி, ஒரு தட்டு வந்தது. எங்கள் மாடியில் நின்ற தட்டு இதற்குப் பிள்ளை மாதிரி இருக்கும். அம்மாம்பெரிய தட்டு!

தெருவின் குறுக்கே போன டெலிபோன் வயரில் அது இடித்தது. கவட்டைக் கம்பால் வயரைத் தூக்கிப் பிடித்து வழிவிட்டார்கள். என்ன சாமி என்று தெரியாமலே பூக்காரம்மா சூடம் ஏற்றிக் கும்பிட்டாள். டிரெய்லரில் என் தம்பி பட்டு வேட்டி சரசரக்க, ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பந்தல் முகப்பில் இறங்கினான். உள்ளே வரவில்லை. வீட்டுக்காரர் வந்து கையைப் பிடித்து அழைக்க வேண்டும், அதுதான் முறை.

வீட்டுக்காரர் எங்கே? டிரெய்லர்மேல் ஏறி நின்றார். வைக்கோலைக் கிளறினார். கிடாவைத் தள்ளிவிட்டுப் பின்னால் பார்த்தார். ஒரு பழத்தட்டின் துணியைக்கூடத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

"என்ன மச்சான் தேடுறீக?" என்றான் தம்பி.

"இல்ல மாப்ள, சின்னதா ஒரு பெட்டி..."

"அதைக் கடையில பாத்தேன் மச்சான். கக்கத்துல இடுக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு. இம்புட்டு மேளத்தைக் கொட்டிட்டு, அம்புட்டூண்டுப் பெட்டியைத் தாம்பாளத்துல வச்சு நான் வந்தா, மதுரையே சிரிக்காது? அதே காசுக்கு இதைக் குடுத்தான். இருக்குறதுலயே பெருசாக் குடுன்னு வாங்கிட்டேன்."

இவருடைய முகத்தைப் பார்த்தேன். எத்தனை மாசமாகப் பெருமூச்சு விட்ட மனுஷன்! தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தவர்! தம்பி முகத்தையும் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியது. பெருமையாகத்தான் நின்றான், ஆனால் உதடு லேசாகத் துடித்தது. இவர் வாயிலிருந்து ஒரு சொல் பிசகி வந்தால் போதும், டிராக்டர் அப்படியே திரும்பிவிடும். பிறகு இந்த ஜென்மத்தில் எனக்குப் பிறந்த வீடு கிடையாது. அழகரே, இந்த மனுஷன் வாயைக் கட்டு என்று வேண்டினேன்.

மைக் செட்டுப் பையனிடமிருந்து இவர் மைக்கை வாங்கினார்.

"கொட்டாம்பட்டி வெள்ளைக்கண்ணு, என் மாப்ள, எம் மகளுக்குக் கொண்டாந்த மாமன் சீரு! இந்த வட்டாரத்துலயே பெரிய தட்டு! எல்லாரும் வந்து பாத்துக்கங்க!" என்றார். பிறகு மைக்கைப் பையனிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்து, தம்பியின் இரண்டு கையையும் பிடித்தார். "வாங்க மாப்ள, உள்ள வாங்க."

தம்பி வாசலில் கால் வைத்தான். ஆரத்தித் தண்ணீர் பாதி என் சேலையில்தான் கொட்டியது. வெட்கமில்லாமல் அழுதேன். இவரை நான் எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்குக் காலில் விழலாம் போல இருந்தது. விழவில்லை, பிற்பாடு சொல்லிக் காட்டுவார்.

மாமன் மடியில்

ஆசாரி ஊசியை எடுத்ததுமே மீனா மாமன் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்துவிட்டது. "கடிடா தங்கம், நல்லாக் கடி" என்று அவன் சிரித்துக்கொண்டே கண்ணீர் விட்டான். இரண்டு காதிலும் தோடு ஏறியது. அழுது முடித்ததும் அவள் செய்த முதல் காரியம், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டு மாமாவைக் காட்டியதுதான். "இந்தா பாரு, இவருதான்" என்றாள்.

கிடாக்கறிச் சாப்பாடு முடிந்தது. வீட்டுக்கு ஓர் ஆளாக மாடிக்கு ஏறி, இவர் ஆசை ஆசையாகச் செய்த கோழிவலைத் தட்டைக் கழற்றினார்கள். "மாப்ள தட்டு வந்த பெறகு இது எதுக்கு?" என்று இவரேதான் கழற்றச் சொன்னார். அது கடைசியில் கோழி வளர்க்கிற ஒருவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. புதுத் தட்டைக் கயிறு கட்டி மேலே ஏற்றி, மூக்கை மாட்டி நிமிர்த்தினார்கள். மோர்மிளகாய் இனி ஒரு மூட்டை காயலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் பந்தல் நிறைந்துவிட்டது. டி.வி.யைப் போட்டார். புஸ்ஸென்று இரைச்சல். திரை முழுக்கப் புள்ளி. பூப்போட்ட துணி விரித்த ஸ்டூல் காலியாக நின்றது. ஜனம் பொறுமையாகப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா தம்பி, புள்ளியாவே ஓடுது?" என்றார் இவருடைய அக்கா. பந்தலே திரும்பிப் பார்த்தது.

"மேகம்க்கா" என்றார் இவர்.

தம்பி எழுந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. "ஏன் மச்சான், தட்டுல எதுவும் கோளாறா?"

"தட்டுல என்ன மாப்ள கோளாறு? தட்டு அருமையான தட்டு. மேல மேகம் மறைக்குது. அது கலைஞ்சாத்தான் படம் வரும்."

தம்பி பந்தலை விட்டு வெளியே போனான். நானும் பின்னாலேயே போனேன். சித்திரை மாசத்து வானம், அலம்பிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி பளிச்சென்று இருந்தது. அண்ணாந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு காலி ஸ்டூலைப் பார்த்தான். தன் மச்சானைப் பார்த்தான். விளங்கிக்கொண்டானா இல்லையா, இன்றுவரை நான் கேட்டதில்லை.

கொட்டாம்பட்டி டிராக்டர் கிளம்பத் தயாராக நின்றது. வந்த சனமெல்லாம் ஏறிவிட்டது. "ஏறுங்கண்ணே, நேரமாச்சு" என்று டிரைவர் கூப்பிட்டான்.

"நீங்க போங்கப்பா" என்றான் தம்பி. உள்ளே வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, இவருக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "மேகம் கலையட்டும் மச்சான். இருந்து பாத்துட்டே போறேன்."

"இருங்க மாப்ள. என்ன அவசரம்?" என்றார் இவர்.

நான் அடுப்படிக்கு ஓடி, கூட ஒரு படி அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். தம்பி ஒரு வாரத்துக்கு மேலேயே இருந்தான். அம்புட்டு நாளும் மதுரை வானத்தில் மேகம் என்று ஒன்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.